கடைசி வீட்டில் இருப்பவர் யார்?



உங்கள் சபையில் ஒருவர் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராவிட்டால் அது யாருக்குத் தெரியும்? போதகருக்குத் தெரியும் என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்குத் தெரியவில்லை. அதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபைக்கு ஒரு சகோதரர் வந்துகொண்டிருந்தார். தென் மாவட்டத்துக்காரர். கட்டிடங்களுக்கு வர்ணம் பூசும் வேலை. குடும்பம் ஊரில், இவர் மட்டும் இங்கே ஓர் ஒற்றை அறையில். ஆராதனையில் கடைசி வரிசையில், செருப்பு வைக்கும் அலமாரிக்கு அருகில் அமருவார். ஆசீர்வாதம் கூறி முடித்தவுடன் போய்விடுவார். காணிக்கை தவறாமல் போடுவார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு மாதம் நாங்கள் எழுப்புதலுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். ஆவியானவர் பலமாய் அசைவாடினார். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் அந்தச் சகோதரரின் சரீரம், உள்ளே தாழிட்ட அறையில் ஒருவரும் அறியாமல் கிடந்தது. மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர்தான் கதவைத் திறக்கச் செய்தார்.

அவருடைய தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: “ஐயா, எம்புள்ள ஒங்க சபைக்குத்தான வந்துக்கிட்டிருந்தான்?”

குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. சந்தேகம் தீர்த்துக்கொள்வதைப் போலத்தான் கேட்டார். வேதாகமக் கல்லூரியில் ஆறுதல் ஊழியத்தைப் பற்றி ஒரு பாடம் முழுவதும் படித்தவன் நான். அன்றைக்கு அந்தத் தாயாருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

அதே ஆண்டில்தான் மிசோரமுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வேதாகமக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த மிசோ சகோதரர் ஒருவர், இப்பொழுது அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகராக இருக்கிறார். அவர் பலமுறை அழைத்தும் நான் போனதில்லை. அந்த மரணத்திற்குப் பின் மனம் சோர்ந்திருந்ததால் புறப்பட்டேன். சில்சாரிலிருந்து சாலை வழியாகச் சென்று, வைரெங்டே என்னும் எல்லை ஊரில் உள்நுழைவு அனுமதிச் சீட்டைக் காட்டி, மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, இருட்டிய பின்பு ஐஸ்வால் நகரம் சேர்ந்தேன். மலை முகட்டின்மேல் வீட்டின்மேல் வீடாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும் நகரம் அது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓர் ஆலயக் கோபுரம் தெரியும்.

பிரஸ்பிட்டேரியன் என்றால் யார் என்று நம்மவர் சிலர் கேட்கலாம். சபையை மூப்பர்கள் கூடி நடத்த வேண்டும் என்னும் ஒழுங்கை உடையவர்கள் அவர்கள். மூப்பர் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இப்பெயர் அதிகமாய்க் கேட்கப்படாததற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்து மிஷனெரிகளும் ஆற்காடு மிஷனைச் சேர்ந்தவர்களும் உண்டாக்கிய சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. அது 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. வடகிழக்கிலோ இப்பெயர் இன்றும் பெரும் பெயர். வேல்ஸ் தேசத்து மிஷனெரி தாமஸ் ஜோன்ஸ் 1841இல் காசி மலைக்கு வந்தார். மிசோ மலைகளுக்கு 1894 ஜனவரியில் லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இருவர் வந்து மொழிக்கு எழுத்து உண்டாக்கினார்கள். 1897இல் வேல்ஸ் மிஷனிலிருந்து டி.இ. ஜோன்ஸ் வந்து வடபகுதி ஊழியத்தை ஏற்றார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிசோரமின் ஜனத்தொகை ஏறத்தாழ 11 லட்சம். அதில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் மிகப் பெரிய சபை பிரஸ்பிட்டேரியன் சபையே.

அக்கினியும் அடுப்பும்

இந்த இடத்தில் பெந்தெகொஸ்தே சகோதரர்களாகிய நமக்கு ஒரு சிறு பெருமை தலைகாட்டும். “அவர்கள் பாரம்பரிய சபையார்தானே, அங்கே அக்கினி ஏது?” என்று நானும் என் நண்பனிடம் கல்லூரி நாட்களில் பரிகாசமாய்க் கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே, “அண்ணா, எங்கள் எழுப்புதலுக்கும் உங்கள் அசுசா தெருவுக்கும் வயது ஒன்றே” என்பான். உண்மைதான். 1904இல் வேல்ஸில் தொடங்கிய எழுப்புதல் 1905இல் காசி மலையில் பரவியது. அங்கே நடந்த பேரவைக்கு ஐஸ்வாலிலிருந்து சிலர் கால்நடையாய்ச் சென்று திரும்பினார்கள். அவர்கள் திரும்பிய 1906 ஏப்ரல் மாதத்தில் மிசோக்களிடையே எழுப்புதல் மூண்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் அசுசா தெரு கூட்டங்கள் தொடங்கியதும் அதே ஏப்ரல் மாதம்! பின்பு 1913இலும் 1919இலும் 1935இலும் எழுப்புதல் அலைகள் அங்கே வந்தன. விசுவாசிகள் நடனமாடினார்கள், அழுதார்கள், தரிசனம் கண்டார்கள். முற்காலத்தில் பழைய வழிபாட்டோடும் மதுவிருந்தோடும் சேர்ந்திருந்தது என்று ஒதுக்கப்பட்ட ‘குவாங்’ என்னும் மிசோ முரசு, 1919ஆம் ஆண்டு எழுப்புதலின்போது ஆலயத்துக்குள் வந்தது. இன்றும் அது பிரசங்க பீடத்தின் அருகிலே இருக்கிறது.

ஆனால் நான் அங்கே கற்றுக்கொண்டது அக்கினியைப் பற்றியன்று. அக்கினி நமக்கும் உண்டு. அக்கினியை வைத்துச் சமைக்க ஓர் அடுப்பு வேண்டுமல்லவா? அது அவர்களிடம் இருந்தது, எங்களிடம் இல்லை.

பழைய மிசோ கிராமத்தில் ‘ஸோல்புக்’ என்று ஒரு பெரிய வீடு இருக்கும். மணமாகாத வாலிபர் யாவரும் இரவில் அங்கேதான் படுப்பார்கள். மூத்தவர் இளையவரை அடக்கிப் பழக்குவார். யாருக்காவது வீடு எரிந்தால், யாராவது காட்டில் காணாமற்போனால், யாராவது மரித்தால், அந்த வீட்டிலிருந்துதான் கால்கள் ஓடும். பிறரை முன்வைத்துத் தன்னைப் பின்வைக்கும் அந்தக் குணத்துக்கு ‘த்லோம்ஙைனா’ என்று அவர்கள் மொழியில் பெயர். பள்ளிக்கூடமும் புதிய வாழ்க்கையும் வந்தபின் ஸோல்புக் தேய்ந்தது. 1938இல் ஆங்கில அதிகாரி அதை முடித்துவைத்தார். அதற்கு முன்பே சபையார் விழித்துக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. பிரஸ்பிட்டேரியன் வாலிபர் ஐக்கியமாகிய ‘கிறிஸ்டியன் தலாய் பாவ்ல்’ 1924இல் தொடங்கியது. 1935இல் மிஷனெரிகளும் சபைத் தலைவர்களும் சேர்ந்து, ஊர் முழுவதற்கும் பொதுவான வாலிபர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது இப்பொழுது ‘ஒய்.எம்.ஏ.’ என்று வழங்குகிறது. ஸோல்புக் செய்த வேலையில் பெரும்பகுதியை இவை தங்கள் தோளில் ஏற்றுக்கொண்டன.

சகோதரரே, சற்று நின்று யோசியுங்கள். நாமும் ஊரை விட்டு வந்தவர்கள். நம் ஊரில் ஒருவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சி கதவைத் தட்டுவார். அந்த ஆச்சியைப் பேருந்து நிலையத்திலே விட்டுவிட்டு நாம் ரயில் ஏறி வந்துவிட்டோம். அவருடைய வேலையை இங்கே யார் செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பானையில் போடுமுன்

என் நண்பனுடைய வீட்டில் முதல் நாள் காலையில் ஒரு காட்சியைக் கண்டேன். மிசோக்கள் காலையிலேயே சோறு உண்பவர்கள். காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. அவனுடைய மனைவி உலைக்கு அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அடுப்படியில் இருந்த வேறொரு பாத்திரத்தில் போட்டார். மாலையிலும் அப்படியே. ‘புஃபாய் தாம்’ என்று அதற்குப் பெயர். கைப்பிடி அரிசி என்றே பொருள். 1910இல் ஐஸ்வாலில் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். பணப்புழக்கம் அருகியிருந்த நாட்கள் அவை. காணிக்கை போடக் காசில்லாத தாய்மார், காசில்லை என்று சும்மா இருந்துவிடவில்லை. சமைக்கும் அரிசியில் ஒரு பிடி குறைத்தார்கள். பெண்கள் ஐக்கியத்தார் வீடு வீடாய்ச் சென்று அந்த அரிசியைச் சேர்த்து, விற்று, அந்தப் பணத்தைச் சபை ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். நூறு ஆண்டுகளைக் கடந்தும் அது நிற்கவில்லை. இன்று பல மாநிலங்களில் அவர்கள் அனுப்பிய மிஷனெரிகள் ஊழியம் செய்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு இந்தப் பிடி அரிசியிலிருந்து வருகிறது.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. நெல்லைச் சீமையின் பழைய சபைகளில் பிடியரிசிக் கலயம் வைத்த பாட்டிமாரை நம்மில் பலர் கண்டிருப்போம். பெந்தெகொஸ்தே அனுபவத்துக்கு வந்தபோது கலயத்தை ஊரிலே வைத்துவிட்டோம்.

இந்த அரிசியைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் பணத்தையே பேசுகிறார்கள். என் மனதைத் தொட்டது வேறு. அரிசி சேர்க்க ஒரு பெண் வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போகவேண்டுமே! பாத்திரத்தைக் கையில் வாங்கும்போதே, இந்த வாரம் அரிசி குறைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஏன் குறைந்தது? வீட்டில் சுகவீனமா? கணவன் குடிக்கத் தொடங்கிவிட்டானா? வேலை போயிற்றா? யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அரிசிப் பாத்திரம் சொல்லிவிடும். நாம் காணிக்கைப் பையைக் கண்மூடிக்கொண்டு நீட்டுகிறோம்; இணையவழியில் அனுப்புகிறவர்களின் முகத்தையும் நாம் பார்ப்பதில்லை.

பெண்கள் ஐக்கியத்துக்கு வாரத்தில் ஓர் இரவு, வாலிபருக்கு ஓர் இரவு, சபையாருக்கு வாரநடுவில் ஒரு ஜெபக்கூட்டம், சனி இரவு ஒரு ஜெபக்கூட்டம். ஞாயிறு காலையில் ஞாயிறு பள்ளி. அதற்குச் சிறுபிள்ளைகள் மாத்திரமல்ல, நரைத்த தலைகளும் போய் வகுப்பில் உட்காருகின்றன. பிறகு பகல் ஆராதனை, மறுபடியும் இரவு ஆராதனை. நம்முடைய ஞாயிறு எப்படி? நான்கு மணிநேரம் ஆராதித்துவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். பக்கத்தில் நின்று அந்நியபாஷை பேசினவருடைய பெயர் நமக்குத் தெரியாது. நகரத்தின் தூரமும் வேலை நேரமும் காரணம் என்பதை நான் அறிவேன். ஐஸ்வாலில் ஆலயம் நடந்துபோகும் தூரம், நமக்கோ இரண்டு ரயில் மாறவேண்டும். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூப்பருடைய கேள்வி

அங்கே மூப்பரை ‘உபா’ என்று அழைக்கிறார்கள். ஒவ்வொரு சபையும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உபா பொறுப்பு. எங்கள் பகுதிக்குரிய உபா என் நண்பன் வீட்டுக்கு வந்து, “சிபாய்” என்று சொல்லிக் கை கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பால் சேர்க்காத தேநீரைக் குடித்துக்கொண்டே என் ஊழியத்தைப் பற்றி விசாரித்தார். நான் வழக்கம்போல எண்ணிக்கையைச் சொன்னேன்: இத்தனை விசுவாசிகள், இத்தனை ஞானஸ்நானம், இத்தனை கிளைச் சபைகள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நண்பன் மொழிபெயர்க்க, ஒரு கேள்வி கேட்டார்: “ஆலயத்திலிருந்து மிகவும் தூரத்தில், கடைசி வீட்டில் இருப்பவர் யார்?”

நான் விழித்தேன். அவர் என்னைச் சோதிக்கவில்லை. அங்கே பொறுப்பேற்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ளும் காரியம் அதுவாம். பக்கத்து வீட்டுக்காரரை எப்படியும் பார்த்துவிடுவோம். ஆகையால் தூரத்து வீட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். எனக்கு அந்த ஒற்றை அறையின் நினைவு வந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

மரணவீட்டின் இரவுகள்

நான் அங்கிருந்த ஐந்தாம் நாள் விடியற்காலையில், தெருவிலிருந்த ஒலிபெருக்கி பேசியது. ஐஸ்வாலில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இப்படி ஓர் ஒலிபெருக்கி உண்டு. நண்பன் கேட்டுவிட்டு எழுந்து உடுத்திக்கொண்டான். ஒருவர் மரித்துவிட்டார். அறுபது வயது தாண்டியவர், தனியாக வாழ்ந்தவர், குடிப்பழக்கம் உடையவர், பல ஆண்டுகளாக ஆலயத்துக்கு வராதவர்.

நாங்கள் போனபோது, மரித்தவருடைய சிறிய வீடு நிரம்பியிருந்தது. வாலிபர்கள் பொது மண்டபத்திலிருந்து பெஞ்சுகளைத் தோளில் சுமந்து செங்குத்தான படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றொரு கூட்டம் மண்வெட்டி, கடப்பாரையோடு கல்லறை தோண்டப் போயிருந்தது. கல்லறை தோண்டக் கூலியாள் இல்லை. தோண்டுகிறவர்களில் வங்கியில் வேலைசெய்கிறவனும் கல்லூரி மாணவனும் இருந்தார்கள். பெண்கள் ஐக்கியத்துத் தாய்மார் பெரிய கெண்டிகளில் தேநீர் கொண்டுவந்தார்கள். துக்க வீட்டார் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. இங்கே துக்க வீட்டார் என்று சொல்ல ஒரு தங்கை மாத்திரம் வேறு ஊரிலிருந்து வந்திருந்தாள்.

அடக்கம் முடிந்தது. நம் வழக்கப்படி, இனி மூன்றாம் நாள் ஜெபம் என்று எண்ணி நான் எழுந்தேன். நண்பன் என் கையைப் பிடித்து, இரவுதான் முக்கியம் என்றான். துக்கம் நடந்த வீட்டை ‘கோஹர் இன்’ என்கிறார்கள்; தனிமைப்பட்ட வீடு என்பதைப் போன்ற பொருள். அந்த வீட்டை இரவில் தனியே விடக்கூடாது என்பது அவர்களுடைய பிரமாணம். இருட்டியதும் ஐம்பது அறுபது பேர் வந்து அமர்ந்தார்கள். குவாங் முரசு மெல்ல ஒலித்தது. பரலோகத்தையும் பிரிவையும் பற்றிய பாடல்களை, தாளத்தை இழுத்து, அவசரமே இல்லாமல் பாடினார்கள். பிரசங்கம் ஐந்து நிமிஷங்கூட இல்லை. இடையிடையே பேசிக்கொண்டார்கள். மரித்தவர் வாலிபத்தில் எப்படிப் பந்து விளையாடினார் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தங்கையும் சிரித்தாள், பிறகு அழுதாள். அடுத்த இரவும் வந்தார்கள். அதற்கடுத்த இரவும் வந்தார்கள்.

நான் உபாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “இவர் நல்ல விசுவாசியாக இருந்தாரா?”

“அவர் எங்கள் வட்டாரத்தில் இருந்தார்” என்றார் உபா.

உபதேசத்தைக் குறித்து எனக்குக் கேள்விகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இரட்சிப்பு தனிப்பட்டது, வட்டாரத்தினாலே வருவதன்று என்று நான் பிரசங்கிக்கிறவன். அதில் மாற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்தபோது நான் வாதிட விரும்பவில்லை. காணிக்கை தவறாத என் விசுவாசி இரண்டு நாள் தனியே கிடந்தார். ஆலயத்தையே மறந்துபோன இந்தக் குடிகாரருக்கு மூன்று இரவு பாடினார்கள்.

விருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் சபையார் அனைவரும் சேர்ந்து உண்ணும் விருந்தை ‘ருவாய்’ என்கிறார்கள். சோறு, பன்றியிறைச்சி, கீரை. பெரிய அண்டாக்களில் ஆண்கள் சமைக்கிறார்கள். இரவு மண்டபத்தில் கூடிப் பாடுகிறார்கள். வாலிபர்கள் முரசைச் சுற்றி ஆடுகிறார்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்து அசனப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “பகிர்ந்தால் பிழைப்போம், தனித்துத் தின்றால் சாவோம்” என்று பொருள்படும் பழமொழி ஒன்று மிசோக்களிடம் உண்டு. விருந்து நாளில் மட்டும் அதை நினைக்கிறார்களா, மற்ற நாளிலும் நினைக்கிறார்களா என்பதைத்தான் பார்க்கவேண்டும். நான் பார்த்தவரையில் மரணவீட்டில் அதிகம் நினைக்கிறார்கள்.

குறையில்லாத கூடாரம் இல்லை

அங்கே எல்லாம் பரலோகம் என்று எழுதினால் நான் பொய்யனாவேன். கூட்டங்கள் மிகுதி, ஒரு வாலிபன் என்னிடம், “போதகரே, படிக்க நேரமில்லை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள்” என்று முணுமுணுத்தான். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் அன்பு எது, காவல் எது என்று சில வேளைகளில் பிரித்தறிய முடியாது. எழுப்புதல் நாட்களில் சபையை விட்டு வேறு ஐக்கியங்களுக்குப் போனவர்கள், பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர்களும் உட்பட, அக்கம்பக்கத்தாரின் உறவையும் பாதி இழந்ததாக மூத்தவர்கள் சொல்கிறார்கள். போதையில் விழுந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. ஐக்கியங்கள் இருந்தும் விழுந்தார்கள். பெண்கள் இத்தனை பாரம் சுமந்தும் மூப்பர் பொறுப்பு நெடுங்காலமாக ஆண்களிடத்திலேயே இருந்துவந்தது. அரிசி சேர்க்கிறவள் ஒருத்தி, அதைக் குறித்துத் தீர்மானிக்கிறவர்கள் வேறு பேர். நம் சபைகளிலும் இக்கதை வேறுபடவில்லை என்பதால் நான் மேலே பேசவில்லை.

ஆனாலும், அந்த ஐக்கியங்கள் சோதனைக் காலத்தில் தாங்கின. 1966இல் அங்கே கலகம் மூண்டு, ஐஸ்வால்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. மறு ஆண்டு முதல் கிராமம் கிராமமாக ஜனங்களைக் கிளப்பி, சாலையோர முகாம்களில் குடியேற்றினார்கள். 1986 ஜூன் மாதம் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இருபது ஆண்டு அந்த ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஊரும் வயலும் போயிற்று. ஆயினும் புதிய முகாமில் யார் யாரை விசாரிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் ஐக்கியமும் வாலிபர் ஐக்கியமும் மனிதரோடு கூடவே நடந்து வந்துவிட்டன.

இன்றைக்கு டெல்லியிலும் பெங்களூரிலும் படிக்கவும் வேலை செய்யவும் வரும் மிசோ பிள்ளைகள், அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். பிற சபையாரின் ஆலயத்தை மாலை நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, தங்கள் மொழியில் ஆராதிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மரித்தால், சரீரத்தை ஊருக்கு அனுப்பும்வரை அந்த அறையில் பாட்டு நிற்பதில்லை என்று என் நண்பன் சொன்னான். நாமும் அதே நகரங்களில், அதே நெருக்கடியில், அதே வாடகை ஆலயங்களில்தான் இருக்கிறோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நாம் பிரசங்கிக்கும்போது, ஸ்தேவானுடைய விசுவாசத்தையும் வல்லமையையும் பிரசங்கிப்போம். பந்தி விசாரணையில் சில விதவைகள் விடுபட்டுப்போனதால்தான் அந்த ஏழு பேரும் தெரிந்தெடுக்கப்பட்டார்கள் என்பதை அவசரமாய்க் கடந்துபோவோம். பெந்தெகொஸ்தே நாளின் அக்கினி விழுந்த எருசலேம் சபையிலேயே ஆட்கள் விடுபட்டார்கள்! அப்போஸ்தலர்கள் அதற்கு இன்னொரு உபவாச ஜெபம் கூட்டவில்லை. பெயர் பெயராக ஆட்களைப் பொறுப்பில் வைத்தார்கள்.

நான் திரும்பிவந்து, சபையின் பெயர்ப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். பாதிப் பேருக்கு விலாசம் இல்லை. சிலருக்குப் பழைய விலாசம். மூப்பர்களோடு உட்கார்ந்து, ரயில் நிலையங்களை வைத்துச் சபையை ஏழு பகுதியாகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்கினோம். கணவன் பெயரை மட்டுமல்ல, மனைவி பெயரையும் எழுதினோம். கூட்டம் நடத்தவேண்டாம், பிரசங்கம் வேண்டாம், ஞாயிறன்று வராதவருக்கு அன்றிரவே ஒரு தொலைபேசி, இரண்டாம் வாரமும் வராவிட்டால் நேரில் போகவேண்டும் என்பது மாத்திரமே ஒழுங்கு. நான்கு மாதத்தில் இரண்டு பகுதிகள் படுத்துவிட்டன. ஒரு பகுதியில் இருவருக்குள் மனத்தாங்கல் வந்து, அதைத் தீர்க்க எனக்கு மூன்று மாலை செலவாயிற்று. ஒரு மூப்பர், “ஐயா, இது ஆவிக்குரிய காரியமா?” என்றே கேட்டுவிட்டார். ஒரு சகோதரி, யாரும் சொல்லாமலே, சமையலறையில் பழைய பால்மாவு டப்பாவை வைத்துப் பிடியரிசி போடத் தொடங்கினார். மாதக் கடைசியில் அதை ரயில் பாதையோரம் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொண்டுபோகிறார். மற்றச் சகோதரிகள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதற்குமேல் பெருகவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு இரவு பத்து மணிக்குமேல் ஒரு பகுதிப் பொறுப்பாளர் என்னை அழைத்தார். புதிதாய் வந்த வாலிபன், உணவு விடுதியில் வேலை செய்கிறவன். இரண்டு வாரம் ஆராதனைக்கு வரவில்லை. அவனும் அந்தக் கடைசி வரிசையில்தான் உட்காருவான். “ஐயா, தேடிப் பிடிச்சிட்டோம். டெங்கு காய்ச்சல் மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியில காட்டி ரத்தம் சோதிக்கக் குடுத்தாச்சு. வீட்டம்மா கஞ்சி காய்ச்சிக் குடுத்துட்டு அங்கேயே இருக்காங்க. நீங்க இப்ப வரவேண்டாம், தூங்குங்க” என்றார்.

மறுநாள் சாயங்காலம் நான் போனேன். பத்துக்கு எட்டு அளவுள்ள அறை. பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நம் சபையார் நான்கு பேர். ஒரு பாட்டி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார இடமில்லாமல் வாசற்படியில் நின்றுகொண்டே ஜெபித்துவிட்டு வந்தேன்.